சூபாபுல் தின்ற மாடுகள்: டவுன்ஸ்வில்லிலிருந்து திமோர் வரை

வெப்பமண்டலத்தில் மாடு வளர்ப்பவருக்குக் கோடைத் தீவனத்தைவிடப் பெரிய தலைவலி வேறில்லை. மழை நின்று இரண்டு மாதம் போனால் புல் முற்றிவிடும். மாடு மேய்ந்துகொண்டேதான் இருக்கும், வயிறும் நிறையும், உடம்பில் மட்டும் ஒன்றும் ஒட்டாது. முற்றிய புல்லில் புரதம் உலர் எடையில் 4, 5 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. அசைபோடும் விலங்கின் முதல் வயிறான பெருவயிற்றில் நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யவே ஏறக்குறைய 7 விழுக்காடு வேண்டும். அதற்குக் கீழே போனால் நார் செரிக்காது. செரிக்காத நார் வயிற்றை அடைத்துக்கொள்வதால் மாடு தின்னும் அளவும் குறைந்துவிடும்.

இந்த ஓட்டையை அடைக்கும் தீவன மரங்களில் சூபாபுல்லுக்கு எப்போதும் முன்வரிசை இடம் உண்டு. தமிழ்நாட்டில் சவுண்டல் என்றும் சொல்வார்கள், இலங்கையில் இப்பில் இப்பில், இந்தோனேசியாவில் லம்தோரோ. பிறந்த இடம் மெக்சிகோ. இலையின் உலர் எடையில் 20 முதல் 30 விழுக்காடு வரை புரதம். வேர் ஆழமாக இறங்குவதால் கோடையிலும் துளிர்க்கும். வெட்ட வெட்டத் தழையும். சுண்ணாம்பு மண்ணில் கொழித்து வளரும், புளிப்பு மண்ணில்தான் சோர்ந்துவிடும். இத்தனை நல்ல குணங்களுக்கு நடுவே இலையில் மிமோசின் என்ற ஒரு நஞ்சும் இருக்கிறது. இந்த ஆய்வு அந்த நஞ்சைப் பற்றியது. ஒரே இலையைத் தின்று ஓர் ஊர் மாடு மெலிய, இன்னோர் ஊர் மாடு கொழுத்தது ஏன் என்ற கேள்வியைப் பற்றியது. இதற்கு முப்பது ஆண்டுகளாகப் பாடமாகச் சொல்லப்பட்டுவந்த விடை அழகானது. ஆனால் அதில் பாதிக் கதைதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

வால்முடி உதிர்ந்த மந்தை

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1960களிலும் 70களிலும் சூபாபுல்லை மேய்ச்சல் பயிராகக் கொண்டுவர அந்நாட்டு அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ பெரும் முயற்சி எடுத்தது. 1976இல் கன்னிங்ஹாம் என்ற புதிய ரகமும் வந்தது. புல்லோடு சேர்த்து வரிசையாக நட்டால் மாட்டின் எடை கூடுவது கண்கூடு. ஆனால் சூபாபுல்லையே அதிகமாகத் தின்ற மாடுகளிடம் வேறொன்று தெரிந்தது. வால்நுனி முடி கொத்தாக உதிர்ந்தது. வாயில் எச்சில் வடிந்தது. சில மாதங்களில் எடை ஏறுவது நின்றது. சினை மாடுகளின் கன்றுகள் நோஞ்சானாகப் பிறந்தன, சில செத்தும் போயின. அறுத்துப் பார்த்தால் தைராய்டு சுரப்பி வீங்கிப் பெருத்திருந்தது.

இதில் வேலை செய்வது இரண்டு பொருள்கள். முதலாவது மிமோசின். புரதத்தில் சேராத ஓர் அமினோ அமிலம். உருவில் டைரோசினை ஒத்தது. உயிரணுப் பிளவைத் தடுப்பதால் முடி வேர்களை முதலில் தாக்குகிறது. செம்மறி ஆட்டின் ரோமத்தைக் கத்தரிக்காமலே உதிர வைக்கலாமே என்று ஆஸ்திரேலியர்கள் மிமோசினை உடம்பில் செலுத்திச் சோதித்துப் பார்த்ததும் உண்டு. ரோமம் உதிரத்தான் செய்தது.

இரண்டாவது பொருள்தான் நமக்கு முக்கியம். அசைபோடும் விலங்கின் பெருவயிற்றில் இருக்கும் சாதாரண நுண்ணுயிர்களே மிமோசினை உடைத்துவிடுகின்றன. உடைந்ததும் டிஹெச்பி என்ற பொருள் கிடைக்கிறது. அதனால் முடி உதிர்வது குறையும். ஆனால் டிஹெச்பி தைராய்டைத் தாக்கி, அது அயோடினைச் சேர்த்து ஹார்மோன் செய்வதைத் தடுக்கிறது. தைராய்டு வீங்கும் கழலைக்கு வழக்கமாக அயோடின் உப்புதானே கொடுப்போம்? இங்கே அது உதவவில்லை. அயோடின் உடம்பில் இருக்கிறது, சுரப்பியால் அதைப் பயன்படுத்த முடியவில்லை என்பதுதான் சிக்கல். இலையை வெட்டி வாட விட்டால் நஞ்சு போய்விடும் என்று நம் ஊரிலும் சொல்வார்கள். வாடும்போது இலையின் சொந்த நொதியே மிமோசினை டிஹெச்பியாக மாற்றுகிறது. அதாவது மிமோசின் குறைகிறது, தைராய்டுக்கு வர வேண்டிய கெடுதல் அப்படியே வந்து சேர்கிறது.

ஹவாய் ஆடுகள்

குயின்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் நகரில் இருந்த சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் கேட்ட கேள்வி எளிமையானது. ஹவாய்த் தீவுகளில் ஆடுகள் சூபாபுல்லையே முழுத் தீவனமாகத் தின்கின்றன. முடியும் உதிரவில்லை, கழலையும் இல்லை. ஏன்? மரம் வேறு ரகமாக இருக்கலாம், ஆடு வேறு இனமாக இருக்கலாம் என்றெல்லாம் யோசிக்க இடமிருந்தது. ஜோன்ஸ் பெருவயிற்றைச் சந்தேகப்பட்டார். ஹவாய் ஆடுகளின் சிறுநீரில் டிஹெச்பி மிகக் குறைவாகவே இருந்தது. உள்ளே போனது வெளியே வரவில்லை என்றால் நடுவில் யாரோ தின்றுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம். ஹவாய் ஆட்டின் பெருவயிற்றில் டிஹெச்பியையும் சிதைக்கும் ஏதோ ஒரு நுண்ணுயிர் இருக்க வேண்டும், ஆஸ்திரேலிய மாடுகளிடம் அது இல்லை என்று 1981இல் எழுதினார்.

அப்படியிருக்க வாய்ப்பும் உண்டு. மரம் மெக்சிகோவிலிருந்து ஸ்பானியக் கப்பல்கள் வழியே பிலிப்பைன்ஸ் போய், அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா முழுவதும் பல நூற்றாண்டுகளாகப் பரவியது. ஆஸ்திரேலியாவுக்கோ மரம் விதையாக வந்தது, மாடு வேறு வழியாக வந்தது. மரத்தோடு பழகிய விலங்கு அங்கே வந்து சேரவில்லை. பிற்காலத்தில் கடுமையான கால்நடைத் தனிமைப்படுத்தல் சட்டங்கள் அந்த வழியையும் அடைத்துவிட்டன.

ஊகத்தைச் சோதிக்கும் முறை நம் நாட்டு மருத்துவர்களுக்கும் தெரிந்ததுதான். செரிமானம் கெட்ட மாட்டுக்கு நல்ல மாட்டின் பெருவயிற்று நீரை எடுத்து ஊற்றுவார்கள், அதேபோல. இந்தோனேசிய ஆடு ஒன்றின் பெருவயிற்று நீர் செலுத்தப்பட்டதும் ஆஸ்திரேலிய ஆடுகள் டிஹெச்பியைச் சிதைக்கத் தொடங்கின. ஜோன்ஸும் லோரியும் 1984இல் இதை வெளியிட்டார்கள். ஹவாய் ஆடுகளிடமிருந்து எடுத்த நுண்ணுயிர்கள் உரிய அனுமதியோடு, தனிமைப்படுத்தல் காவலுக்குள், ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அங்குள்ள ஆடுமாடுகளில் அவை குடியேறி வேலை செய்ததை ஜோன்ஸும் மெகாரிட்டியும் 1986இல் அறிவித்தார்கள். அமெரிக்க வேளாண் துறையின் மில்டன் அலிசன் குழு அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்தது. 1992இல் அதற்கு சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று, ஜோன்ஸின் பெயரையே வைத்தார்கள். காற்றுப் பட்டால் பிழைக்காத உயிர். சர்க்கரையைத் தொடாது, சில அமினோ அமிலங்களும் டிஹெச்பியும்தான் ஆகாரம். பாக்டீரியாக்களில் ஒரு முழுத் தொகுதிக்கே பிற்பாடு இதை வைத்துத்தான் பெயரிட்டார்கள்.

குயின்ஸ்லாந்தில் இதைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, உறையவைத்து, விவசாயிகளுக்கு விற்கும் ஏற்பாடு வந்தது. மந்தையில் பத்தில் ஒரு மாட்டுக்கு வாய்வழியாக ஊற்றினால் போதும், ஒன்றாக மேய்வதில் மற்றவற்றுக்கும் பரவிவிடும் என்பது பரிந்துரை. கால்நடைத் தீவன ஆராய்ச்சியில் இவ்வளவு சுத்தமாக முடிந்த கதைகள் குறைவு. நஞ்சு, காரணம், உயிரி, மருந்து எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. பாடநூல்கள் இந்தக் கதையை விரும்பியதில் ஆச்சரியமில்லை.

அமராசியின் மாடுகள்

இனி இந்தோனேசியாவின் மேற்குத் திமோர். குப்பாங் நகருக்குத் தெற்கே அமராசி என்ற மேட்டுப் பகுதி. பவளப் பாறை சிதைந்த சுண்ணாம்பு மண். மழை டிசம்பரிலிருந்து மார்ச் வரை. மீதி எட்டு மாதமும் கோடை என்றே சொல்லலாம். காட்டைத் திருத்திச் சோளம் விதைப்பார்கள், இரண்டு மூன்று போகத்துக்குப் பிறகு தரிசாக விடுவார்கள், தரிசை உண்ணிச்செடி மூடிக்கொள்ளும். 1930களில் உள்ளூர் அரசரின் ஆட்சியில் ஒரு விதி வந்தது: நிலத்தைத் தரிசாக விடுமுன் சரிவின் குறுக்கே மூன்று மீட்டருக்கு மிகாத இடைவெளியில் சூபாபுல் வரிசை நட்டே ஆகவேண்டும். நோக்கம் மண் அரிப்பைத் தடுப்பதும் உண்ணிச்செடியை ஒடுக்குவதும். மாட்டுத் தீவனம் அப்போது பெரிய பேச்சாக இல்லை.

மாடு வந்தது தனிக்கதை. டச்சுக்காரர்கள் 1910களில் பாலி மாடுகளைத் திமோருக்குக் கொண்டுவந்தார்கள். பாலி மாடு நம் நாட்டு மாட்டு வகையே அல்ல. பாண்டெங் என்ற காட்டு மாட்டைப் பழக்கி வந்த இனம். சின்ன உடம்பு, வெள்ளைக் கால், வெள்ளைப் பின்புறம். மோசமான தீவனத்திலும் சினை பிடிக்கும். ஆனால் கோடையில் ஈன்ற கன்றுகள் பால் போதாமல் நிறையச் சாகும். வெப்பத்துக்கும் பசிக்கும் பழகிய இனம் என்று புகழும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பலர் சொல்வதில்லை.

பயிரைக் காக்க மாட்டை அவிழ்த்து விடக்கூடாது என்ற கட்டுப்பாடு அமராசியில் வந்தபோது இரண்டும் சேர்ந்துகொண்டன. மலை முழுக்க சூபாபுல், வீட்டோரம் கட்டிய காளை. தினமும் ஒரு கட்டுத் தழையை வெட்டிவந்து போடுவார்கள். காளைக்கன்றை முதலாளியோ அரசோ கொடுக்க, விவசாயி கொழுக்கவைத்து, விற்ற பின் லாபத்தைப் பங்கிடுவது வழக்கம். நம் ஊரில் ஆடுமாட்டை வாரத்துக்கு விடுவது போன்ற ஏற்பாடுதான். ஒரு வீட்டில் இரண்டு, மூன்று, அதிகம் போனால் நாலைந்து உருப்படி.

தீவனக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 150 கிலோ காளை நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 கிலோ உலர் எடை அளவுக்குத் தழை தின்னும் என்று வையுங்கள். பச்சையாக 13, 14 கிலோ. மிமோசின் 3 விழுக்காடு என்று குறைத்தே வைத்தாலும் தினம் 120 கிராம் நஞ்சு உள்ளே போகிறது. தளிர் அதிகம் இருந்தால் இன்னும் கூடும். பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சூபாபுல் போடாதே என்று உலகம் முழுவதும் பரிந்துரை எழுதிக்கொண்டிருந்தபோது, அமராசிக்காரர்கள் முழுத் தீவனமாகவே போட்டு மாட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

1986இல் அடி விழுந்தது, நஞ்சு வழியாக அல்ல, பூச்சி வழியாக. ஹெட்டிரோப்சில்லா என்ற சாறுண்ணிப் பூச்சி 1984இல் ஹவாயை எட்டி, பசிபிக் தாண்டி, 1986இல் இந்தோனேசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வந்தது. இரண்டே ஆண்டில் தமிழ்நாட்டிலும் தென்பட்டது. ஒரே ரக மரத்தை மலை முழுக்க நட்டிருந்த அமராசி அதில் தப்பவில்லை. தளிர் எல்லாம் பிசுபிசுத்து உதிர்ந்தது. கோடைத் தீவனத்தை ஒற்றை மரத்தின் தலையில் கட்டியதற்கு விலை கொடுத்தார்கள். பல ஆண்டு கழித்து, பூச்சியை ஓரளவு தாங்கும் தரம்பா என்ற ரகம் ஆஸ்திரேலிய உதவித் திட்டங்கள் வழியாகத் திமோருக்கும், லோம்போக், சும்பாவா தீவுகளுக்கும் வந்தது. மாத்தாராம் பல்கலைக்கழகத்தின் தஹ்லானுதீன் உள்ளிட்டோரும் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து அளந்து பார்த்ததில், வழக்கமான தீவனத்தில் நாளுக்கு 200 கிராம் ஏறுவதே அபூர்வமாக இருந்த பாலிக் காளைகள் சூபாபுல்லில் 400 முதல் 600 கிராம் வரை ஏறின. விற்கும் எடைக்குக் காளை வருவதற்கு ஆகும் காலம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. இரண்டு காளை வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பள்ளிக் கட்டணம் கட்ட முடிவதற்கும் முடியாததற்கும் இடையில் இருக்கிறது.

சிறுநீரில் மறைந்திருந்தது

ஆஸ்திரேலியாவில் கதையின் மறுபக்கம் நெருடத் தொடங்கியது. 2000களின் தொடக்கத்தில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் மேக்ஸ் ஷெல்டன் குழு மந்தைகளைச் சோதித்தபோது, ஏறக்குறைய பாதி மந்தைகளில் சிறுநீரில் டிஹெச்பி அதிகமாக இருந்தது. முன்பு நுண்ணுயிர் ஊற்றிய மந்தைகளும் அதில் அடக்கம். மருந்து வலுவிழந்துவிட்டதா, நுண்ணுயிர் வறட்சியில் அழிந்துவிட்டதா என்று விவாதம் ஓடியது.

அதே குழு இந்தோனேசியாவில் முழுச் சூபாபுல் தின்னும் மாடுகளைப் பார்த்தது. ஜோன்ஸின் விளக்கப்படி அவற்றின் சிறுநீரில் டிஹெச்பி இருக்கக்கூடாது. இருந்தது, அதுவும் மிக அதிகமாக. மாடுகளோ பளபளவென்று இருந்தன, எடை ஏறிக்கொண்டிருந்தது. நுண்ணுயிர் முழுவதையும் தின்னவில்லை, நஞ்சு உடம்புக்குள் போய்த்தான் வெளியே வருகிறது, ஆனாலும் கெடுதல் இல்லை.

முடிச்சு அவிழ்ந்தது ஆய்வகப் பழக்கம் ஒன்றில். சிறுநீரில் டிஹெச்பியை அளக்கும்முன் மாதிரியில் அமிலம் சேர்த்துச் சூடாக்குவது வழக்கம். வேறு பொருளோடு ஒட்டியிருக்கும் டிஹெச்பியை அது பிரித்துவிடும். மொத்த அளவு கிடைக்கும். கல்லீரல் நச்சுப் பொருட்களைக் குளுகுரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றும் என்பது பழைய செய்தி. அமிலம் சேர்க்காமலும் ஒருமுறை அளந்து பார்த்தபோது தெரிந்தது: பழகிய மாடுகளின் சிறுநீரில் டிஹெச்பியின் பெரும்பகுதி அப்படிப் பிணைக்கப்பட்டே வருகிறது. பிணைந்த டிஹெச்பியால் தைராய்டை ஒன்றும் செய்ய முடியாது. மொத்த அளவை மட்டும் வைத்துக்கொண்டு 'நஞ்சு ஏறிய மந்தை' என்று முத்திரை குத்தியவற்றில் எத்தனையோ மந்தைகள் சும்மா நன்றாகத்தான் இருந்திருக்கும்.

மூலக்கூறு முறையில் தேடியபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை மிகச் சிறு எண்ணிக்கையில் பல நாட்டு விலங்குகளின் பெருவயிற்றில் இருக்கிறது, யாரும் ஊற்றாத விலங்குகளிலும். ஷெல்டன் குழு இவற்றையெல்லாம் சேர்த்து, புதிதாகச் சூபாபுல் தின்னத் தொடங்கும் மாட்டுக்கு முதல் சில வாரங்கள்தான் தொல்லை, அதற்குள் கல்லீரல் பழகிக்கொள்கிறது என்ற முடிவுக்கு வந்தது. இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் நுண்ணுயிர் ஊற்றும் வழக்கம் நின்றுபோகவும் இல்லை.

ஜோன்ஸ் பார்த்தது பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஹவாய் ஆடுகளின் சிறுநீரில் டிஹெச்பி மிகக் குறைவாக இருந்தது உண்மை, ஊற்றியதும் ஆஸ்திரேலிய ஆடுகள் மாறியதும் உண்மை. பெருவயிறு ஒரு வழி, கல்லீரல் இன்னொரு வழி. எந்த விலங்கில் எது எவ்வளவு என்பது தீவனம், காலம், கூட வாழும் நுண்ணுயிர்கள் எல்லாவற்றையும் பொறுத்தது. எனக்கு உறுத்துவது வேறு. ஒரு தொட்டியில் வளர்த்துப் பாட்டிலில் அடைக்கக்கூடிய விடை கையில் கிடைத்துவிட்டதால், அமராசியில் அரை நூற்றாண்டாகக் கட்டுத்தறியில் நின்ற ஆதாரத்தை உட்கார்ந்து படிக்க இவ்வளவு காலம் ஆனது. அங்கே யாரும் மருந்து ஊற்றவில்லை, மூன்றில் ஒரு பங்கு விதியும் யாருக்கும் தெரியாது. இருந்தும் மாடு விற்றது.

நம் பக்கம்

இந்தியாவில் கே-8 என்ற ஹவாய் ரகத்தை 1970களில் பரப்பியதில் மகாராஷ்டிராவின் உருளிகாஞ்சனில் இயங்கும் பாயிஃப் என்ற தன்னார்வ அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டில் வரப்போரமும் வேலியோரமும் நட்டு, வெள்ளாட்டுக்குக் கிளையாக ஒடித்துக் கட்டுவதுதான் பெருவழக்கம். அந்த அளவில் தின்னும் ஆட்டுக்கு எதுவும் ஆவதில்லை. சிக்கல் வருவது, கொட்டில் முறையில் ஐம்பது, நூறு ஆடு வாங்கிவந்து, அதுவரை சூபாபுல்லைப் பார்த்தே இராத ஆடுகளுக்கு முதல் நாளே வயிறு முட்டப் போடும்போது. கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று நான்கு வாரத்தில் ஏற்றிக்கொண்டு போனால் பாதித் தொல்லை வராது. ஏற்கெனவே பழகிய ஆடு இரண்டு மூன்றைக் கூடவே கட்டி வைப்பதும் செலவில்லாத காரியம். சினை ஆட்டிடம் மட்டும் துணிச்சல் வேண்டாம். அங்கே பழைய மூன்றில் ஒரு பங்குக் கணக்கிலேயே நிற்பது நல்லது.

முயல், குதிரை, பன்றி, கோழி எல்லாம் வேறு கணக்கு. அவற்றுக்குப் பெருவயிறு இல்லை. மிமோசின் நேராகவே தாக்கும். முயல் பண்ணை வைத்திருப்பவர் மிஞ்சிய தழையை வீணாக்க மனமில்லாமல் கூண்டில் போட்டுவிட்டு, முடி உதிர்கிறதே என்று சொறிக்கு மருந்து தேடுவதும் நடக்கிறது. அவர்களுக்கு வேலிமசால் போதும். பார்க்கச் சூபாபுல்லின் குட்டி போலவே இருக்கும், மிமோசின் தொந்தரவு இல்லை.

நடுபவர் கவனிக்க வேண்டியது விதை. தோல் கடினமானது, கொதி தணிந்த வெந்நீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டால்தான் சீராக முளைக்கும். முதல் ஆண்டு களை எடுக்காவிட்டால் செடி ஏறவே ஏறாது. பிற்பாடு காய்க்கவிட்டால் நிலைமை தலைகீழ். உலகின் மோசமான நூறு ஊடுருவும் இனங்களின் பட்டியலில் இந்த மரமும் இருக்கிறது. பூக்கும் முன் வெட்டிக்கொண்டே இருப்பவருக்குத்தான் இது தீவன மரம். அமராசி பூச்சியில் பட்டதையும் மனதில் வைத்து, அகத்தியோ கிளைரிசிடியாவோ ஒரு வரிசை கூட நட்டுக்கொள்வது நல்லது.

ஆய்வு செய்யும் கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சூபாபுல் தின்னும் நம் ஆடுகளின் சிறுநீரைச் சோதிப்பதாக இருந்தால், ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து, ஒன்றை அமிலம் சேர்த்தும் மற்றதை அப்படியேயும் அளந்துவிடுங்கள். கூடவே அதே ஆட்டின் இரத்தத்தில் தைராய்டு ஹார்மோனான தைராக்சினையும் பாருங்கள்.